அப்பாயி எண்ணிய பத்து: நாலு வயதுப் பையனின் இளைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜனவரி. பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். சம்பா அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ராத்திரி எட்டரைக்கு மன்னார்குடியில் என் கிளினிக் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதலில் இறங்கியது அப்பாயி. பின்னால் அம்மா, கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. "டாக்டரம்மா, புள்ளைக்கு மறுபடி இழுப்பு வந்துட்டு" என்றார் அப்பாயி.

இழுப்பு என்ற சொல்லுக்கு வலிப்பு என்றும் பொருள் உண்டு. அதனால் புதிதாக வருகிறவர்களிடம் எந்த இழுப்பு என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொள்வேன். இவனிடம் அந்தக் கேள்விக்கே வேலை இல்லை. மூச்சுச் சத்தம் வாசலிலேயே கேட்டது.

வயது மூன்று வருஷம் பத்து மாசம். எடை 13 கிலோ. அந்த வயதுப் பையன்களின் நடுமட்டம் 16 கிலோ பக்கம். சட்டையைக் கழற்றினால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. நிமிடத்துக்கு 46 மூச்சு. ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40-ஐத் தொட்டாலே வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. (வீட்டில் எண்ணிப் பார்க்கிறவர்கள் பிள்ளை தூங்கும்போதோ அழாமல் இருக்கும்போதோ முழு நிமிடம் எண்ணுங்கள்.) விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் மானி 93 காட்டியது. ஸ்டெதஸ்கோப்பில் இரண்டு பக்கமும் விசில். ஒரு பக்கம் மட்டும் கேட்டிருந்தால், "கடலை, புளியங்கொட்டை ஏதாவது வாயில போட்டானா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பேன்.

அம்மாவின் கண் அறையைச் சுற்றி வந்தது. "மிஷின் வைக்கலையா டாக்டர்?" வைக்கவில்லை. முகமூடி பொருத்திய ஸ்பேசரில் (ஒரு முனையில் இன்ஹேலரைச் செருகும் பிளாஸ்டிக் குழல்) மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்புட்டமால் கொடுத்தேன். ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். ஒவ்வொன்றாக ஆறு பஃப், 20 நிமிடத்துக்கு ஒரு சுற்று, மொத்தம் மூன்று சுற்று. கூடவே வாய்வழியாகப் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. ஒன்பதேமுக்காலுக்கு மானி 96 காட்டியது, பையன் பிஸ்கட் கேட்டான். ஆரம்பத்திலேயே 92-க்குக் கீழே இருந்திருந்தாலோ, இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியாமல் திணறியிருந்தாலோ ஆக்ஸிஜன் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியிருப்பேன். கிளினிக்கில் வைத்து வீரம் காட்டுகிற நோய் இல்லை இது.

ஸ்பேசரில் கொடுக்கும் பஃப், அம்மா கேட்ட அந்த மிஷினுக்கு, அதாவது நெபுலைசருக்கு, குறைந்ததில்லை என்பது எப்போதோ நிரூபணமான விஷயம். ஆனாலும் எங்கள் பக்கம் மிஷின் வைத்தால்தான் வைத்தியம். அது சத்தம் போடுகிறது, புகை வருகிறது, கால் மணி நேரம் ஓடுகிறது, பில்லிலும் ஒரு வரி கூடுகிறது.

மஞ்சள் பை

பையன் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருக்கும்போது மஞ்சள் பையைக் கவிழ்த்தேன். 27 மருந்துச் சீட்டு. ஐந்து டாக்டர்களின் கையெழுத்து. அதில் நாலு என்னுடையது. நாலிலும் "மேல்சுவாசத் தொற்று" என்று எழுதி, சளி மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்திருந்தேன். ஒரு சீட்டில் "லேசான வீசிங்" என்று மூலையில் குறிப்பு. அவ்வளவுதான்.

சீட்டுகளை மாச வாரியாக மேசையில் அடுக்கினேன். முதல் வீசிங் 2020 பிப்ரவரியில், பதினோரு மாசக் குழந்தையாக இருந்தபோது. அப்போது இரண்டு சீட்டு. 2020 அக்டோபரிலிருந்து 2021 பிப்ரவரி வரை ஆறு. 2021 செப்டம்பரிலிருந்து 2022 பிப்ரவரி வரை ஒன்பது. 2022 ஜூனில் அங்கன்வாடிக்குப் போக ஆரம்பித்ததும் ஜூலை, ஆகஸ்டில் இரண்டு. அந்த செப்டம்பரிலிருந்து இந்த ஜனவரி வரை எட்டு. அந்த ஜூலை, ஆகஸ்ட் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் இரண்டு குவியலாகச் சேர்ந்தது. ஒன்று குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கமும் சேரும் காலம், மற்றொன்று மார்கழிப் பனியும் சம்பா அறுப்பும் சேரும் காலம்.

அப்பாயி மேசையை எட்டிப் பார்த்தார். "இதென்ன டாக்டரம்மா, வயக்காட்டுக் கணக்கு மாதிரி இருக்கு?" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். 27 சீட்டு எழுதிய ஐந்து பேருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

மேசையில் ஒரு பெரிய இடைவெளியும் இருந்தது. 2021 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ஒரு சீட்டும் இல்லை. "அப்ப பிரைமரி காம்ப்ளக்ஸுக்கு மருந்து சாப்பிட்டான் டாக்டர். அந்த ஆறு மாசமும் நல்லா இருந்தான்" என்றார் அம்மா. "செவப்பா ஒண்ணுக்குப் போவான்" என்று அப்பாயி சேர்த்துக்கொண்டார். சிவப்பு ரிஃபாம்பிசினால் வருவது. அந்த மருந்துதான் கொடுத்திருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை.

தமிழ்நாட்டில் இருமல் நிற்காத, எடை ஏறாத பிள்ளைகளுக்கு நீண்ட நாளாக ஒட்டப்பட்டு வரும் முத்திரை இந்தப் பிரைமரி காம்ப்ளக்ஸ். காசநோய் என்று சொல்லக் கூசுகிற இடத்தில் சொல்லப்படும் பெயர். பிள்ளைகளுக்குக் காசநோய் வராது என்று சொல்லவில்லை, வரும். ஆனால் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று விசாரித்து, மாண்டூ ஊசி போட்டுப் பார்த்து, சளியோ இரைப்பை நீரோ எடுத்து ஜீன் சோதனைக்கு அனுப்பிய பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும். இவனுக்கு ஒரு எக்ஸ்ரே மட்டும் எடுத்திருந்தார்கள். எங்கே என்பது இங்கே வேண்டாம்.

மருந்து சாப்பிட்ட ஆறு மாசமும் நன்றாக இருந்தானே? மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இவன் எந்த வருஷமும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறான். அதோடு 2021-இல் கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. அக்கா ரெண்டாம் வகுப்பிலிருந்து சளியை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பருவம் செய்த வேலைக்கு மாத்திரை பெயர் வாங்கிக்கொண்டது. செப்டம்பரில் இழுப்பு திரும்பியபோது குடும்பம் இரட்டிப்பாகப் பயந்தது.

பையில் வேறு இரண்டு பொருள். ஒன்று, பாதி தீர்ந்த சளி சிரப். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்தது. நாலு வயதுக்குக் கீழே இந்தக் கலவையைக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த 2023 டிசம்பரில்தான் உத்தரவு போட்டது. சீட்டில் எழுதிய எங்களுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். மற்றொன்று மாண்டெலுகாஸ்ட், லெவோசெட்ரிசின் சேர்ந்த அலர்ஜி மாத்திரை, ஐந்து மாசமாக விடாமல். "ராத்திரியில திடீர்னு அலறுவான், கேட்டா ஒண்ணும் தெரியாதுங்கிறான்" என்று அம்மா சொன்னார். மாண்டெலுகாஸ்ட் மனநிலையையும் தூக்கத்தையும் குலைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் அதன் லேபிளில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் அலறல் நின்றது. மருந்தால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் திரும்பக் கொடுக்கவும் இல்லை.

பெயர் வைத்தது

அம்மா மறந்துபோயிருந்த ஒன்றை அப்பாயி சொன்னார். பிறந்த ஐந்தாம் மாசத்தில் பையனுக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் வந்ததாம். சொறிந்து சொறிந்து நீர் வடியுமாம். இப்போதும் முழங்கால் மடிப்பில் தோல் தடித்திருந்தது. அப்பாவுக்குக் காலையில் எழுந்தால் இருபது தும்மல். பையனின் மூக்குத் தண்டில் குறுக்கே ஒரு கோடு. உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து விழுந்த கோடு அது.

தோலில் கரப்பான், மூக்கில் தும்மல், ராத்திரி இருமல், ஓடினால் இருமல், சளி பிடித்தால் விசில், சால்புட்டமாலுக்கு உடனே அடங்குதல், அப்பாவின் வழி. ஐந்து வயதுக்குக் கீழே ஊதச் சொல்லி நுரையீரல் அளவு எடுப்பது நம்பகமாக வராது. இப்படிப் புள்ளிகளைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். அன்றைக்கு முதல் தடவையாகச் சீட்டில் "ஆஸ்துமா" என்று எழுதினேன். அம்மா அழுதார். மூன்று வருஷமாக நாங்கள் வீசிங், சளி, அலர்ஜி, பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று சுற்றி வளைத்ததெல்லாம் இந்த அழுகையைத் தள்ளிப்போடத்தான் என்று தோன்றியது. பெயர் வைக்காததால் ஒவ்வொரு தடவையும் அது புது நோயாக வந்தது. அந்தந்த வாரத்துக்கு மருந்து எழுதினோம், நடுவில் இருந்த வாரங்களை யாரும் கேட்கவில்லை.

பூடசோனைடு இன்ஹேலர் எழுதினேன், 100 மைக்ரோகிராம், காலையும் ராத்திரியும், ஸ்பேசரில். மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கிச் சிவந்தே இருப்பதுதான் இந்த நோய். சால்புட்டமால் இறுகிய குழாயைத் தளர்த்தும், வீக்கத்தை ஒன்றும் செய்யாது. வீக்கத்தைக் குறைப்பது தினமும் போகும் ஸ்டீராய்டு. ஒன்று தீயணைப்பு வண்டி, மற்றது கூரை வேய்கிற ஆள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

சிங்கப்பூரிலிருந்து அப்பா வீடியோவில் வந்தார். "டாக்டர், ஸ்டீராய்டு போட்டா வளர மாட்டான்னு சொல்றாங்களே, பழகிப்போயிடாதா?" பழகாது. வளர்ச்சியைப் பற்றிய பயத்தில் ஒரு துளி உண்மை உண்டு, அதை மறைப்பதில்லை. தினம் 400 மைக்ரோகிராம் பூடசோனைடு நாலிலிருந்து ஆறு வருஷம் எடுத்த பிள்ளைகளை வளர்ந்த பிறகு அளந்து பார்த்தார்கள். 2012-இல் வெளியான முடிவு: சராசரியாக 1.2 செ.மீ. உயரம் குறைவு. இவனுக்கு எழுதியது அதில் பாதி அளவு. மூச்சுத் திணறித் தூங்காமல், தின்னாமல் இருக்கிற பிள்ளையும் வளராது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அலர்ஜி டெஸ்ட் ஒண்ணு எடுத்துடலாமா?" என்றார்.

வேண்டாம் என்றேன். அவர் பணம் அனுப்பி எடுக்க வைத்தார். நீளமான பட்டியல் வந்தது. தூசிப்பூச்சி பெரிய எண்ணில், கரப்பான் பூச்சி அடுத்து. கீழே நிலக்கடலை, கத்தரிக்காய் என்று பத்துப் பதினாலு பண்டங்களுக்குக் குட்டிக் குட்டி எண். கத்தரிக்காயைப் பார்த்ததும் அப்பாயிக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன், அது கரப்பான் பண்டம்." (தோல் நோய்க்குக் கரப்பான் என்றும், அதைக் கிளப்பக்கூடிய பூச்சிக்குக் கரப்பான் பூச்சி என்றும் தமிழ் ஏன் ஒரே பெயர் வைத்தது என்று எனக்கு வெகு நாளாக ஒரு வியப்பு.) ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பது வேறு, தின்றால் கோளாறு வருவது வேறு. கத்தரிக்காய்க் குழம்பும் கடலை மிட்டாயும் இவன் வாரம் தவறாமல் தின்கிறான், ஒன்றும் ஆனதில்லை. சோதனைத் தாளைப் பார்த்து உணவை நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏற்கெனவே வாழைப்பழமும் தயிரும் குளிர்ச்சி என்று ஒரு வருஷமாக நிறுத்தப்பட்டிருந்தன. வாழைத்தோப்புக்கு நடுவில் வளர்கிற பிள்ளை வாழைப்பழம் தின்னாமல் 13 கிலோவில் நிற்கிறது.

பலிக்காத ஏழு வாரம்

நாலு வாரம் கழித்து வந்தார்கள். வாரத்துக்கு நாலு ராத்திரி இருமல், முன்பு போலவே. அம்மாவைச் செய்து காட்டச் சொன்னேன். குலுக்கினார், ஸ்பேசரில் செருகினார், முகமூடியை மூக்கும் வாயும் மூடப் பொருத்தினார், அழுத்தினார், ஆறு மூச்சு எண்ணினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. முடிந்ததும் வாய் கொப்பளிக்க வைத்து முகத்தையும் துடைத்தார். அப்படியானால் மருந்து போதவில்லை என்று முடிவு கட்டி, அளவை இரட்டித்தேன்.

மார்ச் நடுவில் அடுத்த இழுப்பு. அக்காவுக்குச் சளி, தெருவில் உளுந்து அடிப்பு. வீட்டுக்கு இருநூறு மீட்டரில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருப்பதாக அம்மா சொல்லியிருந்தார். அங்கே பதர் தூற்றும் மிஷின் ஓடுகிறபோது எழும் தூசியை நான் பார்த்திருக்கிறேன். வெயிலில் மஞ்சளாக நிற்கும், இறங்கவே இறங்காது. நெல்லின் சுணை தோலில் பட்டாலே அரிக்கிறது, மூச்சில் போனால் கேட்க வேண்டுமா? சீசன் முடியும்வரை பையனை வேறு ஊரில், அம்மாச்சி வீட்டில் வைக்க முடியுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அம்மா பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டார். அவர் ஜவுளிக்கடையில் நிற்கிறவர், காலை எட்டரைக்குக் கிளம்பி ராத்திரி ஒன்பதுக்கு வருகிறவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை.

வீட்டில் பார்த்தது

பங்குனித் திருவிழாவுக்கு ஊரெல்லாம் ராஜகோபாலசாமி கோயிலைப் பார்த்து வந்துகொண்டிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நான் எதிர்ப்பக்கம், நீடாமங்கலம் சாலையில் போனேன். பாமணியாற்றில் தண்ணீர் இல்லை. ஓட்டு வீடு, ஒரே கூடம். கூடத்தின் ஒரு சுவரோரம் சாப்பாட்டு நெல்லும் விதை நெல்லுமாகப் பன்னிரண்டு மூட்டை. மூட்டையை ஒட்டிக் கட்டில். கட்டிலில் தாத்தா காலத்து இலவம்பஞ்சு மெத்தை. கட்டிலுக்கடியில் கொசுவத்திச் சாம்பல் வட்டம் வட்டமாக. கொல்லையில் கருவேல விறகடுப்பு. சாமி மாடத்தில் சாம்பிராணிக் கரண்டி.

கொள்முதல் நிலையத்தைக் குற்றவாளியாக நிறுத்தியிருந்த எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. அது வருஷத்தில் சில வாரம் ஓடுகிறது. இந்தக் கூடத்தில் பையன் வருஷம் முழுக்கத் தூங்குகிறான்.

தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதன் உணவு, காற்றின் ஈரம்தான் அதன் தண்ணீர். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் காய்ந்து செத்துவிடும். டெல்டாவில் அதற்கு அந்தக் கவலை கிடையாது. தானியத்தில் வாழும் பூச்சி வகைகளும் உண்டு, மூட்டை பிரிக்கும்போதெல்லாம் அவையும் எழும். கொசுவத்தியைப் பற்றி ஒன்று: ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை புகைப்பதற்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அதைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, புகை பிடிக்காத வீடு என்று என் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். கேட்டது என்னவோ "வீட்டுல யாராவது சிகரெட் குடிக்கிறாங்களா?" என்றுதான்.

இதெல்லாம் பார்த்து முடித்து, மோர் குடித்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் மணி எட்டரை. அப்பாயி, "இருங்க டாக்டரம்மா, புள்ளைக்கு மருந்து வச்சுட்டு வந்துர்றேன்" என்று எழுந்தார்.

"நீங்களா வைக்கிறீங்க?"

"பின்ன? அவ வேலைக்கு ஓடணும். வரயில புள்ள தூங்கிப்போயிருக்கும். ரெண்டு வேளையும் நாந்தான். இன்னிக்கு லீவுன்னாலும் புள்ள எங்கிட்டதான் வரும்."

உட்கார்ந்து பார்த்தேன். பெட்டியிலிருந்து ஸ்பேசரை எடுத்தார், முந்தானையால் உள்ளே வெளியே நன்றாகத் துடைத்தார். இன்ஹேலரைக் குலுக்கிச் செருகினார். பையன் கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தான். ஸ்பேசரை மடியில் வைத்துக்கொண்டே இரண்டு தடவை சேர்த்து அழுத்தினார். பிறகு, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." நிதானமாகப் பத்து வரை எண்ணினார். எண்ணி முடித்த பிறகு, "வா ராசா" என்று கூப்பிட்டு, முகமூடியை மூக்குக்கு முன்னால் ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்தார். பையன் சமர்த்தாக மூச்சு விட்டான்.

"ஏன் பாட்டி பத்து எண்ணுறீங்க?"

"வேகமா வருதுல்ல டாக்டரம்மா. பச்சப்புள்ள மூஞ்சில அடிச்சா மூச்சு முட்டாதா? வேகம் அடங்கட்டும்னுதான்."

அடங்கத்தான் அடங்கியது. அழுத்திய நொடியில் ஸ்பேசருக்குள் மிதக்கிற துளிகள் சில நொடியில் கீழே இறங்கி பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிவிடும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் கூடி இன்னும் வேகமாக ஒட்டும். இரண்டு பஃப் சேர்த்து அழுத்தினால் துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகி, மூச்சுக்குழாய் வரை போகாது. முகமூடியில் விரல்கடை இடைவெளி இருந்தால் பிள்ளை இழுப்பது கூடத்துக் காற்றை. ஏழு வாரமாக இவனுக்குப் போய்ச் சேர்ந்த மருந்து அநேகமாக ஒன்றுமில்லை. இதை நம்பி நான் அளவை இரட்டித்திருந்தேன்.

அப்பாயியின் மேல் தவறே கிடையாது. ஆசையாகத்தான் செய்தார். நான் சொல்லிக்கொடுத்தது அம்மாவுக்கு. கிளினிக்கில் பிள்ளையை மடியில் வைத்திருந்தவரிடம் பேசாமல், படித்தவர் என்று பார்த்து அவர் பக்கம் திரும்பிப் பேசினேன். அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், பயத்தோடு.

அந்தக் கூடத்திலேயே சால்புட்டமால் பஃப் ஒன்றை முதலில் என் முகத்தில் வைத்து இழுத்துக் காட்டினேன். அடுத்து அவரே இழுத்துப் பார்த்தார். "இவ்வளவுதானா? ஊதுவத்திக் காத்து மாதிரில்ல இருக்கு" என்றார். பிறகு பாடம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. முகமூடி முகத்தில் ஒட்டிய பிறகுதான் அழுத்த வேண்டும். ஒரு பஃப், ஆறு மூச்சு. திரும்பக் குலுக்கி அடுத்தது. பத்து எண்ணுகிற பழக்கத்தை விடச் சொல்லவில்லை, ஆறாக்கி இடத்தை மட்டும் மாற்றினோம். ஸ்பேசரை மாசத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் தானாகக் காய விட வேண்டும். இன்ஹேலரில் 200 பஃப் என்பதால் தீரும் தேதியைக் கணக்குப் போட்டு டப்பாவிலேயே எழுதிக் கொடுத்தேன். காலியான பிறகும் "புஸ்" என்று சத்தம் வரும், அதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

வீட்டை மாற்றுவதில் பேரம் நடந்தது. மெத்தை போனது. கோரைப்பாயும் பருத்திப் போர்வையும் வந்தன, போர்வைக்கு வாரம் ஒருமுறை கொதிநீர். கொசுவத்திக்குப் பதில் கொசுவலை. மூட்டைகள் பின்தாழ்வாரத்துக்கு. சாம்பிராணியை விட அப்பாயி சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் பையன் அக்காவோடு தெருவில் விளையாடும்போது என்று முடிந்தது. விறகடுப்பை நான் கேட்கவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் எதுவும் நடக்காது. தவிர, பூச்சியைக் குறைக்கும் இந்த ஏற்பாடுகள் தனியாக ஆஸ்துமாவை அடக்கும் என்பதற்கு ஆய்வுகளில் வலுவான ஆதாரம் இல்லை. புகையை நிறுத்துவதில் எனக்குத் தயக்கமில்லை. மெத்தையை மாற்றியது கூடுதல் நம்பிக்கை, அவ்வளவே. பாரத்தைச் சுமக்கப் போவது அந்த ஆறு மூச்சுதான்.

கிளம்பும் முன் மாசக் காலண்டரைக் காட்டினேன். ராத்திரி இருமினால் அந்தத் தேதியில் ஒரு கரிப்புள்ளி. சால்புட்டமால் கொடுத்தால் ஒரு குங்குமப் புள்ளி. படிக்கத் தெரிய வேண்டியதில்லை. காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாளும் ஒட்டினோம். இழுப்பு வந்தால் ஸ்பேசரில் இரண்டு பஃப், 20 நிமிஷம் பார்த்து அடங்காவிட்டால் திரும்ப, மூன்று தடவைக்குள் அடங்காவிட்டால் கிளம்பு. நாலு மணி நேரம்கூடத் தாங்காமல் இழுப்பு திரும்பினாலும் கிளம்பு. பேச முடியாமல் திணறினால், உதடு நீலித்தால், சோர்ந்து சரிந்தால் எதையும் எண்ணிக்கொண்டிருக்காமல் 108. (இந்த அளவுகள் இவனுக்கு எழுதியவை. உங்கள் பிள்ளையின் தாளை உங்கள் டாக்டர் எழுத வேண்டும்.)

காலண்டர் சொன்னது

ஏப்ரலில் ஒன்பது கரிப்புள்ளி. மேயில் மூன்று. ஜூனில் ஒன்றுமில்லை. அளவைப் பழையபடி 100-க்கு இறக்கினேன். மூன்று மாசம் நன்றாக இருந்தால் இன்னும் குறைத்துப் பார்க்கலாம் என்பது பொது வழக்கம். ஆனால் அந்த மூன்று மாசம் முடிவது செப்டம்பரில். அப்பாயியின் வயக்காட்டுக் கணக்கை நம்பி, குறுவை, சம்பா இரண்டையும் தாண்டட்டும் என்று தொடர்ந்தேன்.

அந்த அக்டோபரில் இரண்டு புள்ளிதான். நான் துள்ளவில்லை. 2023-இல் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தும் பின்னால் தண்ணீர் போதாமல் டெல்டாவில் பல இடங்களில் குறுவை கருகியது. அறுப்பே குறைவு, தூசியும் குறைவு. மருந்து ஜெயித்ததா, வறட்சி ஜெயித்ததா என்று பிரிக்க முடியாது. பிரைமரி காம்ப்ளக்ஸ் மாத்திரைக்குப் போன பெயர் என் இன்ஹேலருக்கும் போய்விடக் கூடாது. சளி வந்த இரண்டு தடவை அம்மா வீட்டிலேயே சால்புட்டமால் கொடுத்துச் சமாளித்தார், ஆன்டிபயாட்டிக் இல்லாமல் நாலு நாளில் சரியானது. அதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

2024 ஜூனில் எடை 17 கிலோ. வாழைப்பழத்துக்கும் தயிருக்கும் தடை நீங்கி வெகு நாள். ஒன்றாம் வகுப்பு. ஓடினால் இருமுவான் என்று விளையாட்டுப் பீரியடில் உட்கார வைத்தார்கள். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன், இப்போது ஓடுகிறான்.

ஒழுங்கான சம்பா அறுப்பில் சோதித்துப் பார்க்க 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறுப்பு நேரத்தில் மழை பெய்து, நெல்லின் ஈரத்தோடு எல்லாரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மாசம். பையனுக்கு ஐந்து வயது பத்து மாசம். அந்த ஜனவரி, பிப்ரவரி இரண்டிலும் சேர்த்து ஏழு கரிப்புள்ளி, மூன்று குங்குமப் புள்ளி. ஒரு ராத்திரி மட்டும் மூன்று சுற்று தேவைப்பட்டது, மூன்றாவதில் அடங்கியது. ஆட்டோ வரவில்லை. 2023 ஜனவரியோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம், ஆனாலும் ஏழு புள்ளி ஏழு புள்ளிதான்.

ஏன் என்று கேட்டபோது அம்மா தயங்கினார். மழையில் பின்தாழ்வாரம் ஒழுகியதால் மூட்டைகள் திரும்பக் கூடத்துக்கு வந்துவிட்டன. "நனைஞ்சா விதை நெல்லு முளைச்சுப்போயிடும் டாக்டர்." அதற்கு என்னிடம் பதிலில்லை. கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்தி, மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன். அளவைக் குறைக்கும் பேச்சைப் பங்குனிக்குத் தள்ளிவைத்தோம். அப்பாயி காலண்டரைச் சுருட்டி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்.